அபி கோலில் நின்ற பதினேழு நிமிடங்கள்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. காற்றும் சேர்ந்து கொண்டதால் குடை பிடித்துப் பிரயோசனமில்லை. பி.ப. 3.30க்கு முதல் பயிற்சி. கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு இன்றிலிருந்து நான் தலைமைப் பயிற்றுநர். கல்லூரி வாசல் மின்திரையில் என் பெயர் போட்டிருந்தார்கள். வனிதாவில் ஓர் எழுத்துப் பிழை.

பட்டியலில் 15 பேர். வந்தவர்கள் 6. ஒருத்தி ஜீன்ஸோடு.

சாமான் அறையில் இருந்தவை:
பந்து 14. காற்று நிற்பவை 5.
மேற்சட்டை 18. ஒக்டோபரில் கழற்றியதை ஈரத்தோடு பையில் கட்டி வைத்திருக்கிறார்கள். பூஞ்சணம்.
கோல் வலை. இடது மூலையில் ஆடு நுழையும் அளவுக்கு ஓட்டை.
முதலுதவிப் பெட்டி. உள்ளே ஒரு கத்தரிக்கோல், ஒரு சொக்கலேட் உறை.

போன பருவம் விளையாடியது எட்டு. தோற்றது எட்டு. எனக்கு முன் இருந்தவர் எட்டுக்கும் கேக் கொண்டு வந்தாராம். "ஹுகலி" ஆக இருந்ததாம். கேட்கிற ஆளெல்லாம் அந்த டெனிஷ் சொல்லைத்தான் சொல்கிறார்கள், இதமாக, வீட்டில் இருப்பது மாதிரி இருந்ததென்று. எட்டுத் தோல்வியில் என்ன இதம்?

துணை அதிபர் லார்ஸ் தன் அறையில் கோப்பி தந்தார். சிரித்த முகம். சிரித்துக்கொண்டே சொன்னது: கோடை விடுமுறைக்குள் "ஏதாவது தெரிய வேண்டும்". இல்லாவிட்டால் அணிக்குரிய நேரமும் அறையும் கணினி விளையாட்டுக் குழுவுக்குப் போகும். அவர்கள் நாற்பது பேராம்.

"ஏதாவது என்றால்?"

"ஒரு வெற்றி வந்தால் நல்லது," என்றார்.

கதிரையில் இருந்து விளையாடுகிறவர்களுக்கு உடுப்பு மாற்றும் அறை எதற்கு? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மேற்சட்டைகளை வீட்டுக்குக் கொண்டு வந்து இரண்டு தரம் மெஷினில் போட்டாயிற்று. என் கணவர் ரூபன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்னப்பா, மீன் சந்தையோ?"

மார்ச் 6, வியாழன்

வெயில். ஆனால் விரல் மரத்துப் போகும் குளிர். 9 பேர்.

அணித்தலைவி மெட்டே பன்னிரண்டு நிமிடம் பிந்தி வந்தாள், கையில் கோப்பிக் குவளையோடு. திருப்பி அனுப்பினேன்.

"இதற்கு உனக்கு யார் உரிமை தந்தது?"

"மணிக்கூடு," என்றேன்.

போய்விட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். மறுபடியும் 6. ஆறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓட வைத்தேன். எனக்கே சலிக்கும் வரை.

வீட்டில் ரூபன்: "நீர் கொஞ்சம் பதமாய்க் கதைச்சிருக்கலாம்."

"நீங்கள் ஃபக்டரிக்குப் பன்னிரண்டு நிமிசம் பிந்திப் போவீங்களோ?"

"நான் சம்பளத்துக்குப் போறன். அதுகள் சும்மா வருதுகள்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. கதவை அடித்துச் சாத்தினேன். பால்கனியில் காய்ந்த மேற்சட்டை இரண்டு கீழ் வீட்டுக்காரரின் பூந்தொட்டியில் போய் விழுந்தன.

மார்ச் 11, செவ்வாய்

மெட்டே வந்தாள். 3.25க்கே. என் முகத்தைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, காலைப் பார்த்து விளையாடட்டும்.

கோலில் நிற்க ஆள் இல்லை. போன வருடம் நின்றவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். பந்தைக் கையால் பிடித்துப் பழகியவள் கிடைத்தாலும் போதும் என்று மதியம் கன்டீனில் மேசை மேசையாகப் போனேன். "ஹாண்ட்போல் விளையாடுகிறவர்கள் யாராவது?" பிச்சை கேட்கிற மாதிரித்தான். ஐந்து பேர் கை தூக்கினார்கள். உதைபந்தாட்டக் கோலில் நிற்க என்றதும் நாலு பேர் கையை இறக்கினார்கள்.

மிச்சம் ஒருத்தி. நல்ல உயரம், நீளக் கை. சாப்பாட்டுப் பெட்டிக்குள் இடியப்பமும் சம்பலும்.

"பிள்ளை எந்த இடம்?"

இங்கே பக்கத்துச் சிற்றூர், கிரின்ஸ்டெட் என்றாள். டெனிஷில். பெயர் அபிநயா, எல்லோருக்கும் அபி. வயது 19. ஏழு வருடமாக ஹாண்ட்போல் கோலில் நிற்கிறாள். நான் தமிழில் கேட்க அவள் டெனிஷில் பதில் சொல்ல, பக்கத்து மேசை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பந்து முகத்தில் பட்டால்?"

"ஹாண்ட்போலில் தினமும் படும்," என்று சிரித்தாள்.

கிரின்ஸ்டெட்டிலிருந்து ஒழுங்கான பஸ் கிடையாது. தாயின் பழைய காரில் அரை மணித்தியாலம் ஓடி வந்து போகிறாள். பயிற்சி உள்ள நாளில் பிந்தித்தான் வீடு போக முடியும். சரி என்றாள். யோசிக்கவே இல்லை.

மார்ச் 20, வியாழன்

முதல் போட்டி. வெளியூரில். 0–6.

அபி இல்லையென்றால் 0–12. மற்றவர்கள் பந்தை இழந்ததும் நடக்கிறார்கள். நடக்கிறார்கள்! பூங்காவில் உலாவுகிற மாதிரி. கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

திரும்பும் வழியில் வான் வண்டிக்குள் ஒருத்தி கேக் பெட்டியைத் திறந்தாள். வீட்டில் செய்து கொண்டு வந்திருக்கிறாள். மூடச் சொன்னேன். மூடினாள்.

மெட்டே முன்னால் வந்து சொன்னது: "நேரத்துக்கு வந்தோம். ஓடச் சொன்னாய், ஓடினோம். ஆறு கோல். போன வருடத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், கேக் இல்லாததைத் தவிர?"

"ஆறில் நாலு உன் பக்கத்தால் வந்தது."

அழுதாள். அழ வைக்க வேண்டுமென்று சொல்லவில்லை. அப்படியும் சொல்ல முடியாது. கொஞ்சம் வேண்டுமென்றுதான் சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

இரண்டு பயிற்சியாக ஒரே ஒரு விஷயம்தான். பந்து போனால் ஐந்து விநாடிக்குள் எல்லோரும் பந்துக்குப் பின்னால். வேறெதுவும் இல்லை. திட்டிக்கொண்டே செய்கிறார்கள். செய்கிறார்கள்.

12 பேர் இப்போது. கேக் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு. அபியின் தாய், கமலா அக்கா. கிரின்ஸ்டெட்டில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சொந்த ஊர் மட்டக்களப்பு. நானும் அந்தப் பக்கம் என்றதும் குரல் மாறியது.

"வீட்ட வந்தா உங்கட கதைதான் தங்கச்சி. வனிதா இப்பிடிச் சொன்னா, வனிதா அப்பிடிச் சொன்னா. பேர் சொல்லித்தான் கூப்பிடுறாள், குறை நினைக்காதீங்க."

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே அக்கா."

"காலில கையில அடி படுமெண்டு அவருக்குப் பயம். நான் சொன்னன், நம்மட ஆள் ஒருத்தி நிக்கிறா, பாத்துக்கொள்ளுவா எண்டு."

ஏப்ரல் 3, வியாழன்

2–2.

2–2!

தோற்கவில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஒருத்திகூட நடக்கவில்லை. மெட்டே இரண்டாவது கோலை அடித்துவிட்டு என்னைப் பார்த்து விரலால் மணிக்கட்டைத் தட்டினாள். மணிக்கூடு. நேரத்துக்கு வந்தேன் என்று அர்த்தம். சனியன். சிரிப்பு வந்துவிட்டது.

லார்ஸ் மின்னஞ்சல்: "கிட்டத்தட்ட!" ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே வெல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

வென்றோம். 1–0.

ஒன்றரை வருடத்தில் முதல் வெற்றி. பிள்ளைகள் சேற்றில் உருண்டார்கள். லார்ஸ் மழைக்கோட்டோடு வந்து எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார். அபி இரண்டாம் பாதியில் ஒரு அடி வாங்கினாள், எழும்பிவிட்டாள். நல்ல பிள்ளை. கடைசி வரை நின்றாள்.

களைப்பு. பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

வாசல் திரையில் எங்கள் படம். இந்த முறை என் பெயரில் பிழையில்லை.

அபி கல்லூரிக்கு வரவில்லை. செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. நேற்று நனைந்தது. தடிமன் காய்ச்சலாக இருக்கும்.

தடிமனாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

காலை கமலா அக்கா. "தங்கச்சி, பிள்ளை ராவெல்லாம் ஓங்காளமும் சத்தியும். வெளிச்சத்தைப் பார்க்க ஏலாதாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனம். மூளை அதிர்ச்சியாம். எப்ப பட்டது, எப்பிடிப் பட்டது எண்டு கேக்கிறாங்க. இவளுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. உங்களுக்குத் தெரியும்தானே?"

"முழங்கால் பட்டது அக்கா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்போது என்று சொல்லவில்லை.

இங்கே எழுதாவிட்டால் வேறெங்கும் எழுத மாட்டேன். ஆகவே:

53ஆம் நிமிடம். மூலையிலிருந்து வந்த பந்து. அபி பாய்ந்து பிடித்தாள். ஓடி வந்தவளின் முழங்கால் நெற்றிப் பொட்டில் பட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. எல்லைக்கோட்டில் நின்ற எனக்குக் கேட்டது.

விழுந்து கிடந்தாள். எழும்பினாள். நடுவர் கேட்டார், சரி என்றாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு கோல் பெட்டிக்கு வெளியே நடந்து போனாள், கையிலேயே பிடித்துக்கொண்டு. நடுவர் ஊதினார். ஏழு வருடம் ஹாண்ட்போல் ஆடியவள், பழக்க தோஷம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மெட்டே எல்லைக்கோட்டுக்கு ஓடி வந்தாள். "வனிதா, இது எந்தப் பாதி என்று அபி கேட்கிறாள். அவளை மாற்று."

மணிக்கூட்டைப் பார்த்தேன். 55. 1–0. வெளியே இருந்தது ஒரே ஒருத்தி. கோலில் நின்று பழக்கமில்லாதவள்.

"போய் விளையாடு," என்றேன்.

ஆக, 53லிருந்து ஆட்டம் முடிகிற 70 வரை. பதினேழு நிமிடம்.

முடிந்த பின் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். "எல்லாம் சரியா?" என்றேன். "ஓம்," என்றாள். தமிழில். ஒன்றரை மாதத்தில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை தமிழில் பதில் சொல்கிறாள் என்று. நான் ஒரு மடைச்சி. டெனிஷ் வரவில்லை அவளுக்கு. அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு அவளைக் காரில் ஏற விட்டேன். மழைக்குள். அரை மணித்தியாலம் தனியாக. கைகாட்டி வேறு அனுப்பினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

விபத்துப் படிவம். லார்ஸ் தன் திரையில் திறந்து வைத்திருந்தார்.

அடிபட்ட நேரம்? ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்த நேரம்?

"கடைசி நிமிடங்களில் என்று எழுதினால் போதாதா?" என்றார். சிரித்த முகம்தான். "அந்தப் பரபரப்பில் யார் நேரம் பார்த்தார்கள்?"

"நான் பார்த்தேன்."

"வனிதா, அணி இப்போதுதான் எழும்புகிறது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

என் நல்லது! அந்தப் படத்தில் அபி இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். கண் எங்கேயோ. இரண்டு பேர் அவளைத் தோளில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கட்டிப்பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஏன் என்றார். எடுக்கச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அலுவலகப் பெண் எட்டிப் பார்த்தாள்.

படிவத்தை நிரப்பாமல் வந்துவிட்டேன். கத்தினேனே தவிர நிரப்பவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பயிற்சி. 14 பேர். வெற்றி பெற்றால் ஆள் வருகிறது. அருவருப்பாக இருந்தது.

மெட்டே தனியாக வந்தாள். "நான் உன்னிடம் சொன்னேன்."

"சொன்னாய்."

"நானே அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். நீ போ என்றதும் போய்விட்டேன். நீ சொன்னபடி செய்யத்தானே இரண்டு மாதமாகப் பழக்கினாய்!" நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். மாணவி பயிற்றுநரைத் தள்ளுகிறாள். நான் நின்றேன். இன்னொரு தரம் தள்ளினால் நல்லது போலிருந்தது.

வீட்டில் சண்டை. நான்தான் தொடங்கினேன். சோறு குழைந்துவிட்டதாம், அதற்கு. ரூபன் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எதிரே இருந்தார். எல்லாம் சொன்னேன். பதினேழு நிமிடம் வரை.

சோற்றைத் தட்டில் போட்டு என் முன் வைத்தார். பிறகு: "லார்ஸ் சொன்னதுபோல எழுதினா என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது."

"உள்ளதை எழுதினா?"

"வேலை போகலாம்."

"அப்ப முதல் தாயிட்டப் போய்ச் சொல்லும். பேப்பர் பிறகு. அந்த மனுசி அதைக் கடதாசியில வாசிக்கக்கூடாது."

மே 1, வியாழன்

கிரின்ஸ்டெட். வழி முழுக்கக் கடுகு வயல் மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. அழகாக இருந்ததே எரிச்சலாக இருந்தது.

கமலா அக்கா வேலை உடுப்போடு கதவைத் திறந்தார். இப்போதுதான் வந்தாராம். கணவர் பின்னேர வேலைக்குப் போய்விட்டார். அபியின் அறைக்கதவு சாத்தியிருந்தது, திரைச்சீலை, இருட்டு. கைபேசி பார்க்கக் கூடாது, வாசிக்கக் கூடாது, பாட்டுக் கூடாது.

"வாங்க தங்கச்சி, இருங்க, தேத்தண்ணி போடுறன்."

நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

கேத்தில் கொதித்து நின்றது. அவர் திரும்பவில்லை.

"எத்தின நிமிசம்?"

"பதினேழு."

"மற்றப் பிள்ளை வந்து சொல்லியும்?"

"ஓம்."

"அதுக்குப் பிறகு காரில ஏற விட்டு அனுப்பினீங்க."

"ஓம் அக்கா."

"நேத்துத்தான் ஞாபகம் வந்து சொன்னவள். வட்டச் சந்தியில வந்து எந்தப் பக்கம் திரும்புறதெண்டு தெரியாதாம். மூண்டு தரம் சுத்தினவளாம். பின்னால லொறி. நான் பெத்த பிள்ளை வீட்டுக்கு வழி தெரியாம லொறிக்கு முன்னால சுத்திக்கொண்டு நிண்டிருக்கு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எங்கட இல்லத்தில ஒரு கிழவி விழுந்து, எனக்கு ஒண்டுமில்லை எண்டு அவவே எழும்பினாலும் நாங்க விடுறேல்ல. பக்கத்தில இருக்கோணும், எழுதோணும், கூப்பிடோணும். நீங்க படிச்ச ஆள்."

தங்கச்சி என்ற சொல் போய்விட்டது.

"என்னத்துக்கு? ஒரு கோலுக்கோ?"

ஒரு கோலுக்குத்தான்.

தேத்தண்ணியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "குடிச்சிட்டுப் போங்க." குடித்தேன். சீனி போடவில்லை. கேட்கவில்லை.

மே 2, வெள்ளி

அடிபட்ட நேரம்: 53ஆம் நிமிடம். வெளியே எடுத்த நேரம்: எடுக்கவில்லை. அணித்தலைவி மாற்றச் சொன்னதையும், நான் மறுத்ததையும், தனியாகக் காரோட்ட விட்டதையும் எழுதினேன். அதிபருக்கு நேரே அனுப்பினேன், லார்ஸுக்குப் பிரதி.

ஐந்து நிமிடத்தில் லார்ஸ் போன் எடுத்தார். இந்த முறை சிரிப்பில்லை. "இதை என்னிடம் கேட்காமல் ஏன் அனுப்பினாய்?"

"கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும்," என்றேன்.

வைத்துவிட்டார். பயமில்லை. ஆத்திரம்தான். அவர் மேல் பாதி. மிச்சம் எங்கே போவது?

மே 6, செவ்வாய்

அதிபர் அறை. அதிபர், லார்ஸ், நான். அபி கறுப்புக் கண்ணாடியோடு. பத்தொன்பது வயது, பெற்றோரை அழைக்க வேண்டியதில்லை. ஆனால் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்று விதி இருக்கிறது. தாயைக் கூட்டி வந்தாள்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. தந்தார்கள், வாங்கினேன்.

லார்ஸ் சொன்னது: "பாதுகாப்புக் கருதி" அணியை இப்போதே நிறுத்துவது நல்லது. பாதுகாப்பாம்! போன திங்கள் நேரத்தை மாற்றி எழுதச் சொன்ன வாய். அதைச் சபையில் சொன்னேன். முகம் சிவந்து, தான் அப்படிச் சொல்லவில்லை, நான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்றார். அதிபர் இரண்டு பேரையும் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை.

அபி பேசினாள், மெதுவாக, சொல் தேடித் தேடி. தான் நன்றாக இருக்கிறேன் என்று நடுவரிடம் சொன்னது தானே என்றாள். அணி இருக்க வேண்டும். வனிதாவும்.

"நீ சொன்னதைக் கேட்டது பிழை. அன்று முடிவெடுக்கக் கூடிய ஆள் நீ இல்லை," என்றேன்.

அப்போது கமலா அக்கா வாய் திறந்தார். அவருடைய டெனிஷ் நிதானமானது, ஒவ்வொரு சொல்லாக அடுக்கி வைப்பது. மகளுக்கு இந்தப் பயிற்றுநர் வேண்டுமாம், தனக்கு இவர் மேல் நம்பிக்கையில்லை. ஆகவே மிச்சமுள்ள எல்லாப் போட்டிக்கும் தான் வருவாராம். எல்லைக்கோட்டில் நிற்பாராம். தான் கை காட்டினால் ஆளை வெளியே எடுக்க வேண்டும், கேள்வியில்லாமல். இருபத்திரண்டு வருடமாக விழுந்தவர்களைத் தூக்குகிற வேலை, விழுந்தவர் முகம் தனக்குத் தெரியும்.

அதிபர் சரி என்றார். லார்ஸ் காப்புறுதி பற்றி ஏதோ தொடங்கினார். அதிபர் அவரைப் பார்த்தார். நிறுத்திவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் கமலா அக்கா: "உங்களுக்காகச் செய்யேல்ல."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சாச் சரி."

மே 8, வியாழன்

போட்டி. 0–3. கோலில் கேக் பிள்ளை. தானாகத்தான் வந்து கையுறையைக் கேட்டாள். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு என்னைப் பார்த்தாள், நான் கை தட்டினேன்.

கமலா அக்கா எல்லைக்கோட்டில், வேலை உடுப்புக்கு மேல் மழைக்கோட்டு. முதல் பாதியில் மூக்கில் இரத்தம் வந்த ஒருத்தியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

மெட்டே பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டேன். "யாருக்கு என்ன பட்டாலும் பக்கத்தில் நிற்கிறவள் கையைத் தூக்க வேண்டும் என்று சொன்னேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை." சரி என்றேன்.

மே 22, வியாழன்

வெயில். முதல் தடவை அரைக்கைச் சட்டை. கடைசிப் போட்டி, எங்கள் மைதானத்தில். பார்க்க ஐம்பது பேராவது. அபி வந்திருந்தாள், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புல்லில் பாய் போட்டு. ஓகஸ்ட் வரை விளையாடக் கூடாது. எழுத்து இன்னும் அசைகிறதாம். பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. பரீட்சை தள்ளிப் போய்விட்டது, பின்னுக்கு, இலையுதிர் காலத்துக்கு. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

1–1. நன்றாக விளையாடினார்கள். அதை எழுதத்தான் வேண்டும். பந்து போனால் எல்லோரும் பின்னால். மெட்டே மைதானம் முழுக்க. எதிரணிப் பயிற்றுநர் தன் பிள்ளைகளிடம் அவளைக் காட்டிக் காட்டிக் கத்தினார்.

61ஆம் நிமிடம். மெட்டே பந்தைத் தலையால் அடிக்கப் பாய்ந்தாள், எதிரணிக்காரி ஒருத்தியும் பாய்ந்தாள், இரண்டு பேரும் விழுந்தார்கள். மெட்டே உடனே எழும்பினாள். தோளைத் தேய்த்தாள். கட்டைவிரலைக் காட்டினாள்.

கமலா அக்காவின் கை மேலே.

"அக்கா, தோள்தான் பட்டது. நான் பாத்தனான்."

"நானும் பாத்தன்."

"ஒன்பது நிமிசம்தான் அக்கா இருக்கு."

சொன்ன பிறகுதான் என் வாயால் என்ன வந்ததென்று எனக்குக் கேட்டது. அவருடைய கை இறங்கவில்லை.

நடுவரிடம் மாற்றம் கேட்டேன். மெட்டே நம்பவில்லை. "எனக்கு ஒன்றுமில்லை!" மைதான நடுவில் நின்று கத்தினாள். "வனிதா! ஒன்றுமில்லை!" வந்தாள். கையில் கட்டியிருந்த தலைவிப் பட்டியைக் கழற்றி என் காலடியில் எறிந்தாள். எதிரணிப் பெற்றோர் சிரித்தார்கள்.

67இல் கோல். மெட்டே நிற்க வேண்டிய இடத்தால்தான் வந்தது. 1–2. முடிந்தது.

கமலா அக்கா மெட்டேயை மர வாங்கில் இருத்தி, கண்ணைப் பார்த்து, கேள்வி கேட்டு, ஒற்றைக் காலில் நிற்க வைத்து, அரை மணித்தியாலம் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. தோளில் ஒரு சிவப்பு. அவ்வளவுதான். முழு ஆட்டமும் விளையாடியிருக்கலாம்.

ஆத்திரம். இப்போதும், இதை எழுதும்போதும். பிள்ளைகள் மூன்று மாதம் ஓடி உழைத்தது.

லார்ஸ் எனக்குப் பக்கத்தில் வரவில்லை. அதிபர் வந்தார். இலையுதிர் காலத்துக்கு 19 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களாம், நேரமும் அறையும் ஒரு வருடத்துக்கு எங்களுக்கே. என்னைப் பற்றி ஓகஸ்டில் பேசலாம் என்றார். பேசட்டும்.

பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அபி காரில் ஏறிவிட்டாள். கமலா அக்கா சாவியோடு திரும்பி வந்தார். நான் நிமிரவில்லை.

"கோவமோ?"

"ஓம்."

"எனக்கும்தான். எனக்கு இன்னும் ஆறேல்ல. ஆறுமோ எண்டும் தெரியாது."

கீழே கிடந்த தலைவிப் பட்டியை அவர் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, என்னிடம் தந்தார்.

"லீவு முடிஞ்சு எப்ப தொடங்குறீங்க?"

"ஓகஸ்ட். நான் இருந்தா."

"வியாழனோ?"

"செவ்வாயும் வியாழனும்."

"செவ்வாய் எனக்கு வேலை," என்றார். "மாத்திக் கேட்டுப் பாக்கிறன்."